இடது கூடை

வள்ளி வீட்டில் எந்தச் சாமானும் இடம் மாறக் கூடாது. தண்ணீர்ச் சொம்பு குடத்துக்கு வலப்பக்கம். சோப்பு டப்பா ஜன்னலின் மேல்தட்டில். மகன் தினேஷின் சட்டைகள் கொடியில் அவள் மாட்டிய வரிசையிலேயே தொங்க வேண்டும். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும். "வள்ளியக்கா வூட்ல எலி கூட வந்த வழியிலதான் திரும்பிப் போவணும்" என்று பக்கத்து வீட்டுக் கமலாட்சி ஒருமுறை சொன்னது ஊர்ப் பிரசித்தம். வள்ளியும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பு இரண்டு கூடைகளின் விஷயத்தில்தான். கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அவள் புருஷன் குமாரசாமி, இன்னொன்றில் தினேஷ். தினேஷின் தறிக்கு இடப்பக்கம் ஒரு பிரம்புக்கூடை, வலப்பக்கம் ஒன்று. புடவையின் உடம்புக்கு வேண்டிய தார்கள் இடது கூடையில், கரைக்கு வேண்டியவை வலது கூடையில். குச்சியில் குறுக்கு இழையான ஊடைநூலைச் சுற்றித் தாராக்கிக் கூடையில் போடுகிற வேலையை வள்ளி இன்னொருவர் கையில் விட்டதில்லை. ஜுரத்தில் கிடந்த நாளில்கூட எழுந்து வந்து ராட்டை சுற்றிப் போட்டுவிட்டுத்தான் மறுபடி படுத்தாள்.

காரணம் ஒன்றுதான். தினேஷுக்கு அரக்கும் பச்சையும் ஒரே நிறம். பட்டுப்புடவை நெய்கிறவனுக்கு இது எப்படிப்பட்ட சங்கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் ஒன்றாம் வகுப்பில் மரம் வரைந்து, இலைக்கெல்லாம் சாணி நிறத்தில் சாயம் அடித்து, "மா, பாரு" என்று நீட்டிய அன்றே வள்ளிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அப்படி ஒரு மரத்தை அவள் முன்னேயே பார்த்திருக்கிறாள். அவள் தம்பி சிவராஜ் வரைந்த மரம் அது. அவனைத் தறியில் உட்காரவைத்த அப்பா, நிறம் மாறிய ஒவ்வொரு தடவையும் பாவுக்கோலை எடுத்து முதுகில் போட்டார். கவனமில்லை, திமிர், சோம்பேறித்தனம் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கடைசியில் சிவராஜ் தறியை விட்டு ஓடிப்போய் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டான். பெரிய காஞ்சிபுரத்தில் இன்றைக்கும் அதுதான் பிழைப்பு. "சிக்னல் எப்பிடிடா தெரியுது உனக்கு?" என்று வள்ளி கேட்டதற்கு, "மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போவணும், இதுல இன்னாக்கா கஷ்டம்?" என்றான் அவன். அந்த வார்த்தையிலிருந்துதான் கூடை யோசனை வந்தது. மகன் முதுகில் கோல் விழக் கூடாது, அவ்வளவுதான். நிறம் தெரியாவிட்டால் போகிறது, இடம் தெரியுமே.

குமாரசாமிக்கு இது தெரியாது. ஒரே கூடத்தில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து நெய்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டால், புருஷன்மார்களுக்குத் தெரியாமல் வீடுகளில் நடக்கிற காரியங்களை எண்ணிப் பார்த்தால் போதும். அவருடைய தறி சுவரைப் பார்த்து இருந்தது. மகன் கையில் தார் பொருத்திய நாடா பாவுக்கு ஊடே ஓடுகிற சத்தம் சீராகக் கேட்டால் அவருக்குச் சரி. போதாததற்குத் தினேஷின் கண்மேல் அவருக்குப் பெருமை வேறு. பாவில் ஒற்றை இழை அறுந்தாலும், ஜரிகை ஒரு மயிரிழை விலகினாலும், நாலாவது வீட்டுத் தறியைக்கூட எட்ட நின்று பார்த்தே சொல்லிவிடுவான். "என் புள்ளை கண்ணு பருந்துக் கண்ணு" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார்.

இந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் மகள் துர்காதேவி. கோர்வைப் புடவைக்கு ஒருவர் போதாது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் இருப்பவன் உடம்பு நாடாவைத் தள்ள, வலப்பக்கம் உட்கார்ந்தவர் கரை நாடாவைத் தள்ளி இரண்டு நூலையும் பின்னிப் பூட்ட வேண்டும். துர்கா வயசுக்கு வந்த காலத்திலிருந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "ண்ணா, அது இல்ல" என்று மெல்லச் சொல்வாள். அவன் தாரை மாற்றிக்கொள்வான்.

இதில் வேடிக்கை, துர்காவின் கண் வேறு ரகம். போன சித்திரையில் வள்ளி அவளைக் கூட்டிக்கொண்டு சாயப்பட்டறைக்குப் பட்டு வாங்கப் போனாள். பட்டறைக்காரர் வீராசாமி சாமானியப்பட்டவர் இல்லை. எந்தக் கடைக்காரன் எந்தத் துண்டுத்துணியைக் காட்டினாலும், கண்ணால் பார்த்தே அந்த நிறத்தைச் சாயக் கொப்பரையில் இறக்கிக் காட்டுவார். அவர் எடுத்து வைத்த இரண்டு பட்டுநூல் சிட்டங்களைப் பார்த்துத் துர்கா, "மாமா, இது ரெண்டும் வேற வேற" என்றாள்.

"ஒரே கொப்பரையில ஒண்ணா எறக்கி ஒண்ணா எடுத்ததும்மா."

"இல்ல மாமா. இதுல கொஞ்சம் செவப்பு தூக்கலா இருக்குது."

வள்ளிக்கும் அந்த வித்தியாசம் தெரிந்தது. வீராசாமி சிட்டங்களை வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. பட்டறை ஆளைக் கூப்பிட்டு விசாரித்ததில் இரண்டாவதை முந்தின நாள் கொப்பரையில் முக்கியது வெளியே வந்தது. அவர் துர்காவை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த வாரம் பொண்டாட்டி மணியம்மாளை அழைத்துக்கொண்டு பழத்தட்டோடு வள்ளி வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மகன் உதயகுமாருக்குப் பெண் கேட்டார். "எங்களுக்கு நகை நட்டு இன்னா வேணும்? இந்தக் கண்ணு எங்க பட்டறைக்கு வேணும்" என்று நேராகவே சொன்னார். தை பிறந்ததும் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். துர்காவும் உதயகுமாரும் அன்றிலிருந்து போனும் கையுமாக ஆனார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு மழை என்றால் பாதி வேலைதான். பாவு ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும், தறிக்குழியில் ஊற்றுத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். வள்ளி காலையில் குழியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுச் சாக்கு விரிப்பாள். தினேஷின் தறியில் அப்போது ஒரு முகூர்த்தப் புடவை. உடம்பு அரக்கு, கரை கரும்பச்சை. கார்த்திகைக் கல்யாணத்துக்கு யாரோ ஒரு பெண் கட்டப்போவது.

அந்த வெள்ளிக்கிழமை மணியம்மாள் ஆள் அனுப்பிவிட்டாள். சொந்தக்காரப் பெண்கள் நாலு பேர் காமாட்சி கோயிலுக்கு வருகிறார்களாம், பெண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வள்ளி தார்களைச் சுற்றிக் கூடைகளை நிரப்பினாள். வலப்பக்கத்தில் உட்காரக் கமலாட்சியைக் கேட்டுக்கொண்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு சிவராஜின் ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போதுகூட ஒருமுறை திரும்பிக் கூடைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பதினோரு மணிக்கு மழை கொட்டிற்று. ஓட்டில் எங்கோ விரிசல். சொட்டுச்சொட்டாகத் தினேஷின் தறிக்கு இடப்பக்கம் ஒழுகிற்று. அவன் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கமலாட்சி தன் வீட்டுக்குப் போயிருந்தாள். குமாரசாமி பட்டு நனைந்துவிடுமே என்று பதறி எழுந்து இரண்டு கூடைகளையும் தூக்கிச் சுவரோரம் வைத்தார். வாழ்நாளில் அந்தக் கூடைகளை அவர் தொட்டது அன்றைக்குத்தான். மழை விட்டதும் பொறுப்பாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். இடதை வலதிலும் வலதை இடதிலும். பிறகு, பெரிய காரியம் முடித்த மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

சாயங்காலம் வள்ளி திரும்பி வந்தபோது கமலாட்சி கிளம்பிக்கொண்டிருந்தாள். "ரெட்டைக் கலரு நல்லா கீதுக்கா. நடுவுல இப்பிடி ஒரு பட்டை வர்றது புது டிசைனா?" என்றாள்.

வள்ளி தறிப்பக்கம் திரும்பினாள். தறியில் அரக்குப் பாவின் மேல் அரை முழத்துக்குப் பச்சை ஊடை ஓடிச் செத்த நிறமாகக் கிடந்தது, காய்ந்த ரத்தத்தில் பாசி படிந்த மாதிரி. தினேஷ் சாவதானமாக அடுத்த தாரை எடுத்து நாடாவில் பொருத்திக்கொண்டிருந்தான். துர்கா செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடி அவன் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துண்ணா."

அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. தாரைக் கீழே வைத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து குமாரசாமி உள்ளே நுழைந்தார். பின்னாலேயே சிவராஜ், கோயில் பிரசாதப் பையோடு.

"இன்னாடா இது?" குமாரசாமி குரல் முதலில் மெதுவாகத்தான் வந்தது. "டேய், இன்னா இது? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது உனக்கு? போனைப் பாத்துக்கினே நெய்ஞ்சியா? இன்னொருத்தர் முகூர்த்தப் பொடவைடா அது!"

"எனக்குத் தெரியலப்பா."

"தெரியலன்னா? பச்ச தெரியல? பட்டப்பகல்ல பச்ச தெரியல?"

"தெரியலப்பா" என்றான் தினேஷ் மறுபடியும். இருபத்தாறு வயசுப் பையன், தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி நிமிர்ந்து பார்த்தான். "எப்பவுமே தெரியாது."

வள்ளி சொல்லிவிட்டாள். ஒன்றாம் வகுப்பு மரம், கூடைகள், துர்கா சொல்லும் "அது இல்ல", எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயத்தைவிடப் பாரம் இறங்கிய சுகம்தான் அதிகமாக இருந்தது. குமாரசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கூடைகளை இடம் மாற்றியது தான்தான் என்பது அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்க வம்சத்துல ஏழு தலைமொறையா தறி. ஒருத்தனுக்கு இப்பிடி இருந்துதுன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

வாசலில் ஈரச்சட்டையோடு நின்ற சிவராஜ் வாயைத் திறந்தான். "உங்க வம்சத்துல தேடாதீங்க மாமா. என்னைப் பாருங்க. எனக்கும் தெரியாது."

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வள்ளியும் துர்காவும் உட்கார்ந்து அந்த அரை முழத்தையும் பிரித்தார்கள். ஊடையை நடுவில் நறுக்கி ஒவ்வோர் இழையாக உருவ வேண்டும். பாவு இழை அறுந்தால் புடவையே போச்சு. நெய்ய ஆன நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆயிற்று. எங்கே இழை இழுபடுகிறது என்று தினேஷ்தான் பார்த்துப் பார்த்துச் சொன்னான். அதெல்லாம் அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

திங்கட்கிழமை வள்ளியும் தினேஷும் சிவராஜ் ஆட்டோவிலேயே கண் டாக்டரிடம் போனார்கள். சோதனை செய்தவள் நதியா என்ற பெண். தென்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அங்கே நாற்று நடுகிற குடும்பத்தில் முதலில் காலேஜ் ஏறியவள். புள்ளிப்புள்ளியாக வண்ணம் தெளித்த அட்டைகளைத் தினேஷ் முன்னால் புரட்டினாள். வள்ளிக்கு ஒவ்வொன்றிலும் எண் தெரிந்தது. தினேஷ் பாதிக்கு மேல் "ஒண்ணுமில்ல மேடம்" என்றான். "நானும் பாக்கட்டாம்மா?" என்று சிவராஜும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவனும் அதே அட்டைகளில் "ஒண்ணுமில்ல" என்றான்.

"இது நோயில்லம்மா" என்றாள் நதியா. "பொறக்கும்போதே அமைஞ்சது. சொட்டு மருந்துக்கோ கண்ணாடிக்கோ போவாது. ஆனா கண்ணு கெட்டும் போவாது."

"எங்க வூட்டுக்காரர் பக்கம் யாருக்கும் இல்லியே?"

"அப்பா பக்கத்துலேர்ந்து பசங்களுக்கு இது வராதும்மா. அம்மாகிட்டேர்ந்துதான் வரும். உங்க தம்பிக்கு உங்கம்மாகிட்டேர்ந்து வந்துது. இவருக்கு உங்ககிட்டேர்ந்து. பொம்பளைங்களுக்கு நெறம் பாக்கறதுக்கு ரெண்டு கூறு இருக்குது, ஒண்ணு சரியில்லன்னா இன்னொண்ணு பாத்துக்கும். ஆம்பளப் பசங்களுக்கு ஒண்ணுதான். அது இப்பிடி வந்தா அவ்ளோதான்."

"நான் நல்லாத்தானே பாக்கறேன்?"

"அதான் சொல்றேன். சுமக்கறவங்களுக்குத் தெரியாது." நதியாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடித்திருந்தது, வெளியே கூட்டமும் இல்லை. "ஒரு காலத்துல, குரங்குக்கும் நமக்கும் முப்பாட்டன் ஒண்ணா மரத்துமேல இருந்த காலத்துல, செவப்பு பாக்கறதுக்குத் தனியா, பச்ச பாக்கறதுக்குத் தனியா ஒண்ணும் கெடையாது. ரெண்டுக்கும் ஒண்ணுதான். எப்பவோ அது ரெண்டாப் பிரிஞ்சுது. பிரிஞ்சதுக்கு எலைக்கு நடுவுல பழுத்த பழம் தனியாத் தெரிஞ்சுது. தெரிஞ்சவன் நல்லா சாப்ட்டான், புள்ளைக்குட்டி பெத்தான், அந்தக் கண்ணையே குடுத்துட்டுப் போனான். ஆனா அந்த ரெண்டும் இன்னும் பக்கத்துல பக்கத்துலதான் கீது, அச்சு அசல் ஒரே மாதிரி. அதனால பெத்தவங்ககிட்டேர்ந்து கை மாறும்போது அடிக்கடி கலந்துபூடும்."

இது வள்ளிக்குப் புரிந்தது. ஒரே சாயத்தில் முக்கின இரண்டு சிட்டங்களை அடுத்தடுத்து வைத்தால் கை மாறாமல் இருக்குமா என்ன.

"அப்போ என் கண்ணு பழம் பறிக்க லாயக்கில்ல" என்று தினேஷ் சிரித்தான்.

"எலைக்குள்ள எலையா பதுங்கிக்கினு இருக்குற பூச்சி உங்க கண்ணுக்குத்தான் முதல்ல மாட்டும்னு சொல்றாங்க. கலர் ஏமாத்தாதில்ல? அதனாலதானோ என்னமோ இந்தக் கண்ணும் இத்தினி காலமா அழியாம வந்துக்கினு இருக்குது."

வள்ளி அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு பொண்ணு இருக்குதும்மா. கட்டிக் குடுக்கப்போறோம். அது கண்ணு ரொம்பக் கூர்மை. சாயக்காரருக்கே தெரியாத நெறமெல்லாம் அதுக்குத் தெரியும்."

நதியா கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா இதைச் சுமக்கற பொம்பளைங்கள்ல சில பேருக்கு அப்பிடி ஒரு கண்ணு அமையலாம்னு சொல்றாங்க. கலந்துபோன அந்தக் கூறும் சேர்ந்து வேலை செய்யும்ல, மத்தவங்களுக்கு இல்லாத ஒண்ணு கூடுதலா. உங்க பொண்ணுக்கு வந்திருந்தா, அதுக்குப் பொறக்கற ஆம்பளப் பசங்கள்ல பாதிக்குப் பாதி இவரு மாதிரி வரலாம்."

வெளியே வந்தும் சிவராஜ் வண்டியை எடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். "யக்கா, அப்பா என்னை எத்தினி நாள் அடிச்சாரு" என்றான். "நானும் கவனமில்லாதவன்னு என்னையே நம்பிக்கினு இருந்தேன்க்கா. இத்தினி வருசம்." நாற்பத்தைந்து வயசு ஆள் கடைத்தெருவில் அழுதான். வள்ளி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். தினேஷ் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டான்.

வீட்டில் குமாரசாமி முடிவாகச் சொன்னார். "வாயத் தொறக்காத. மூணு முடிச்சு விழட்டும். அப்புறம் எவனுக்கு எது பொறந்தா யாரு கேக்கப்போறாங்க? பொறக்குமோ பொறக்காதோ."

"சாயப்பட்டறைங்க அது. அந்தக் குடும்பத்துக்குக் கண்ணுதான் சோறு."

"அதுக்காக வர்ற சம்பந்தத்தைக் கெடுப்பியா? பொண்ணு வாழ்க்கைம்மே!"

வள்ளிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. துர்கா இரவில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அவளுக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. அவள் மகளையே பார்த்தாள். துர்கா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தினாள்.

"சொல்ட்டு வாம்மா."

"அவங்க வேணாம்னுட்டா?"

"வேணாம்னா வேணாம். நாளைக்கு எனக்கு ஒரு பையன் பொறந்து, அவன் தப்பா ஒரு சிட்டத்தை எறக்குனான்னு அந்த மாமா கோலை எடுத்தா, நான் இன்னா பண்ணுவேன்? உன்ன மாதிரி கூடை வெச்சுக்கினு எல்லாத்தையும் மறைச்சுக்கினு இருக்கணுமா? என்னால ஆவாது." ராட்டையை மறுபடி சுற்றினாள், வேகமாக.

மறுநாள் வள்ளி பட்டறைக்குப் போனாள். கொப்பரைகளில் சாயத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. மழைக்குச் சிட்டங்கள் காயாமல் கூரைக்குக் கீழே வரிசையாகத் தொங்கின. வீராசாமி கை இரண்டும் முழங்கைவரை மஞ்சள். மணியம்மாள் டம்ளரில் காபி கொடுத்து, "இன்னா அண்ணி, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள்.

வள்ளி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தினேஷ் விஷயம் சொன்னாள். தம்பி விஷயம் சொன்னாள். நதியா சொன்னதை அவளுக்குப் புரிந்த அளவில் சொன்னாள். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

வீராசாமிதான் முதலில் பேசினார். "அப்போ அந்தக் கண்ணு?"

"அதுவும் அதுலேர்ந்துதாங்கண்ணா வந்திருக்கும்ன்றாங்க. ஒரே எடத்துலேர்ந்து ரெண்டும். ஒண்ணு மட்டும் வேணும்னு எடுத்துக்க முடியாதாம்."

அவர் எழுந்து போய் ஒரு சிட்டத்தைக் கொப்பரையிலிருந்து தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முக்கினார். தேவையில்லாத வேலை. "அந்தக் கண்ணைப் பாத்துத்தான் வந்தேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"பாதிக்குப் பாதின்றியே அண்ணி" என்றாள் மணியம்மாள். "பேரன் பொறந்து, அவன் அரக்கு எது பச்ச எதுன்னு தெரியாம இந்தக் கொப்பரைக்கு முன்னால நின்னா, இந்தப் பட்டறைய யாரு பாக்கறது? நீயே சொல்லு."

மணியம்மாள்மேல் வள்ளிக்குக் கோபம் வரவில்லை. தன் வீடாக இருந்தால் தானும் இதைத்தான் கேட்டிருப்பாள். வெளியே வரும்போது உதயகுமார் சைக்கிள் ஸ்டாண்டு அருகில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருப்பான் போலிருந்தது. "வர்றேன்பா" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மூன்றாம் நாள் சொல்லி அனுப்பினார்கள். ஓரிக்கையில் ஒரு ஜோசியரிடம் மறுபடி ஜாதகத்தைக் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். சித்திரையில் அதே இரண்டு ஜாதகங்களும் அமோகமாகப் பொருந்தியிருந்தன. குமாரசாமி ஒரு வாரம் வள்ளியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஓட்டில் ஏறி விரிசலை அடைத்தார். கீழே இறங்கி, கூடைகள் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, "எது எங்க இருக்கணும்னு எனக்கும் சொல்லி வெச்சிருந்தா இன்னா?" என்றார். அதற்குமேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

துர்கா போனைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டாள். அழுதாளா என்று கேட்டால், குளிக்கிற நேரம் நீண்டுபோயிற்று, அவ்வளவுதான் வள்ளிக்குத் தெரியும். முகூர்த்தப் புடவை முடிந்து கடைக்குப் போயிற்று. அடுத்த பாவு ஏறிற்று. இப்போது "அது இல்ல" என்று துர்கா உரக்கவே சொன்னாள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். வாசலில் பைக் வந்து நின்றது. உதயகுமார். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடி ஒரு பையை நீட்டினான்.

"அப்பா குடுத்து அனுப்பினாரு அத்த." அவனுக்கு வள்ளியை நேராகப் பார்க்க முடியவில்லை. "பெரிய ஆர்டரு. ரெண்டு சிட்டமும் ஒண்ணான்னு அப்பாவுக்கு டவுட்டா இருக்குதாம். துர்காவை… ஒரு தடவை பாத்துச் சொல்லச் சொன்னாரு."

கூடத்தில் கரை நாடா ஒருமுறை நின்றது. பிறகு மறுபடி ஓடிற்று.

வள்ளி பையைத் திறந்தாள். இரண்டு அரக்குச் சிட்டங்கள். வாசல் வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒன்றில் சிவப்பு ஒரு மூச்சு தூக்கல். இதையும் அதையும் ஒரே புடவைக்கு வைத்தால், கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணை வேண்டாம் என்று சொன்னவருக்குக் கண் மட்டும் வேண்டியிருக்கிறது. வள்ளிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாளும் வராத கோபம் அப்போதுதான் வந்தது.

சிட்டங்களோடு உள்ளே போனாள். துர்கா தலை நிமிராமல், "நான் பாக்க மாட்டேம்மா" என்றாள்.

"உன்ன யாரு பாக்கச் சொன்னது?"

வள்ளி அவளைத் தாண்டிப் போய்த் தினேஷின் மடியில் இரண்டையும் வைத்தாள். "நீ பாத்துச் சொல்லு."

தினேஷ் அம்மாவைப் பார்த்தான். பிறகு பொறுப்பாக நாடாவை வைத்துவிட்டு, இரண்டு சிட்டங்களையும் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

வள்ளி வாசலுக்கு வந்து பையை உதயகுமார் கையில் கொடுத்தாள். "எங்க வூட்டுக் கண்ணு பாத்துடுச்சுப்பா. ரெண்டும் ஒண்ணுதானாம். அப்பாகிட்ட சொல்லு."

பைக் தெருமுனை திரும்பிற்று. அதற்கப்புறம் துர்கா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. ஐப்பசிக்கு அப்புறம் அவள் சிரித்து வள்ளி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இன்னா? தப்பா சொல்ட்டனா?" என்று தினேஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்லடா" என்றாள் வள்ளி. "உனக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ, அப்பிடியேதான சொன்ன."

இடது கூடையிலிருந்து ஒரு தாரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.